சீட்டில்லாத காசு

திருக்கோகர்ணம்,
புதுக்கோட்டை.

அன்புள்ள கதிருக்கு,

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது; குளத்துக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை.

நேற்று உன் அம்மா போன் பண்ணினாள். ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் உன் காசு விஷயத்துக்கு வந்தாள். ராத்திரி தூங்காமல் செல்போனில் காசுப் படமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். முதலில் ஒரு வெள்ளி ரூபாய், பிறகு ஒன்பதாயிரம் கொடுத்து ஒரு செப்புக் காசு. இப்போது யாரோ ஒருவர் சோழர் பொற்காசு என்று ஒன்றைக் காட்டி, தீபாவளி போனஸ் வந்ததும் முன்பணம் போடச் சொல்லியிருக்கிறாராம். அவள் உன்மேல் குறை சொல்லவில்லை. வீட்டுக் கடன் ஓடுகிற நேரத்தில் இது என்ன என்று பயந்துபோய்ச் சொன்னாள். நானும் கோபித்துக்கொண்டு எழுதவில்லை. நீ காசு சேர்க்கிறாய் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தாத்தாவுக்குப் பிறகு நம் வீட்டில் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த முதல் ஆள் நீ. அதனால்தான் கவலையும் கூடவே வந்தது.

அந்தச் செப்புக் காசைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுத மனம் வராது. உன் அம்மா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, யூ.கே.எல். ஒன் அணா, 1818. கதிர், அது கம்பெனிக் காசே இல்லை. இந்தக் காலத்தில் அடித்து, பழசாகத் தெரியும்படி கறுக்க வைத்து விற்கிற வில்லை. ராமர் இருக்கும் இடத்தில் அனுமனை வைத்தும் விற்கிறார்கள். பிள்ளையாரை வைத்தும் விற்கிறார்கள்.

எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பாய். 1818இல் கம்பெனிக்கு நாடு முழுவதற்கும் ஒரே காசு கிடையாது. வங்காளம், பம்பாய், சென்னை என்று மாகாணத்துக்கு ஒரு வழக்கம். எல்லாவற்றையும் ஒன்றாக்கியது 1835ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பிறகும் கம்பெனி அடித்த செப்புக் காசில் பெரியது அரை அணாதான். ஒரு அணா தனிக் காசாக நாடு முழுக்கப் புழங்கியது ஏழாம் எட்வர்டு காலத்தில், 1907இல். கம்பெனிக் காசில் சாமியே கிடையாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதே. சென்னையில் 1807 வாக்கில் அடித்த அரை வராகன் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் திருமால். கூடவே தமிழும் தெலுங்கும். அப்படி ஒரு நிஜம் இருப்பதால்தான் இந்தப் பொய் எளிதாக விலைபோகிறது.

கம்பெனி சென்னைக்கென்று அடித்த செப்புக் காசைப் பார்க்க ஆசையிருந்தால் 1808ஆம் ஆண்டுப் பத்துக் காசையும் இருபது காசையும் பார். பர்மிங்ஹாமில் சோஹோ ஆலையில் அடித்து, அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் அந்தக் கப்பல் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கிவிட்டது. 1980களில் முக்குளித்து மேலே கொண்டுவந்தார்கள். நம் சந்தைகளில் புழங்கியிருக்க வேண்டிய காசு, இங்கே கால் வைக்காமலே கடலடியில் கிடந்திருக்கிறது. இன்றைக்கும் அந்தக் கப்பலின் பெயரைச் சொல்லித்தான் அதை விற்கிறார்கள். கப்பல் பெயர் தொலைந்துபோயிருந்தால் அது உப்பு அரித்த ஒரு செப்புத் துண்டு. இதை மனசில் வைத்துக்கொள். நான் கடைசிவரை சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

வெள்ளி ரூபாய் நல்லதாகவே இருக்கலாம். ஐந்தாம் ஜார்ஜ், 1911 என்று படத்தில் தெரிகிறது. அந்த வருஷக் காசில் ராஜாவின் அங்கியில் பதக்க மாலையில் தொங்கும் யானை, பன்றி மாதிரி தெரிகிறது என்று ஊரெல்லாம் மனக்குறை உண்டாகி, 1912இல் யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தும்பிக்கையைப் பார். பிறகு நிறுத்துப் பார். அசல் ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் வெள்ளி. புழங்கித் தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும், ஏறாது. காந்தத்தில் ஒட்டவும் கூடாது. ஆனால் 1947ஆம் ஆண்டு ரூபாய் ஒட்டும், அது நிக்கல். அதை வைத்துக்கொண்டு போலி என்று முடிவு கட்டிவிடாதே. இரண்டாம் உலகப் போர் வந்ததும், 1940இலிருந்து, ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். சுதந்திரம் வந்த வருஷத்தில் வெள்ளியே போய்விட்டது. செம்பும் தட்டுப்பாடாகி, 1943இலிருந்து காலணாவின் நடுவில் ஓட்டை போட்டார்கள். அப்பத்தா அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்ட ஓட்டைக் காலணா உனக்கு ஞாபகம் இருக்காது, உன் அப்பாவுக்கு இருக்கும்.

இன்னொன்று. வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம், பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது எழுதினால் பதிலே போடாதே. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக்கூட இந்த ஏமாற்று நடக்கிறது. பழைய காசு வாங்குவதிலோ விற்பதிலோ தனக்குத் தொடர்பில்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அந்த ஐந்து ரூபாய் 2012இல் வந்த நினைவு நாணயம். அரிதான சரக்கும் அல்ல.

இனி ஆரம்பிப்பதைப் பற்றி.

கையில் புழங்குகிற காசிலிருந்து ஆரம்பி. இதைச் சொன்னால் இளைஞர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். சோழன், பாண்டியன், ரோமாபுரி என்று மனசு பறக்கும்போது ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் பார்க்கச் சொல்கிறானே கிழவன் என்று இருக்கும். ஆனால் கண் பழகுவது இங்கேதான். ஆண்டுக்குக் கீழே பார். டைமண்ட் இருந்தால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், ஒரு புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. நொய்டாவில் அடிக்கத் தொடங்கியதே 1988இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுக் காசில் அந்தப் புள்ளியைத் தேடாதே. 1985 ஒரு ரூபாயில் சிலவற்றில் எச் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது வெளிநாட்டில், பர்மிங்ஹாமில் அடித்து வரவழைத்தது. ஒரே வருஷம், ஒரே மதிப்பு, அடித்த இடம் வேறு. பால்காரர் தருகிற சில்லறையில் இவ்வளவு இருக்கிறது.

பத்து ரூபாய்க் காசை எடுத்துக்கொள். நம் ஊர் பஸ்ஸிலும் கடையிலும் அதை வாங்க மாட்டேன் என்று இன்னும் தகராறு செய்கிறார்கள். ரூபாய்க் குறி உள்ளதும் இல்லாததும் கலந்து வந்ததில் எது நிஜம், எது போலி என்று ஒரு வதந்தி கிளம்பியது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று சொன்னது. ஊரே வேண்டாம் என்று தள்ளுகிற அந்தக் காசைத் தேடி எடு. 14 வடிவமும் சேர்ந்தால் உனக்கு ஆன செலவு 140 ரூபாய். தேடி முடிப்பதற்குள், எந்த நினைவுக்கு எது வெளியிட்டார்கள், ரூபாய்க் குறி 2010இல் எப்படி வந்தது, அதை வரைந்த உதயகுமார் யார் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அதோடு 2019இல் வந்த பன்னிரண்டு முனை இருபது ரூபாயையும் சேர்த்துக்கொள்.

கொஞ்சம் பின்னால் போனால் 1957. அந்த வருஷம் ஏப்ரல் முதல் தேதி, ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு நயா பைசா வந்தது. 1964இல் நயா போய்ப் பைசா மட்டும் நின்றது. சதுரமான ஒரு பைசா, அறுகோண மூன்று பைசா, தாமரை போட்ட இருபது பைசா. இந்தத் தாமரைக் காசை நூற்றெட்டு சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைத்திருக்கிற வீடுகள் இன்றும் உண்டு. அப்படி ஒரு வீட்டில் கேட்டு வாங்கினால் அதையும் எழுதிக்கொள். இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் கடைசியோடு செல்லாமல் போயின. ஐம்பது பைசா இன்றும் செல்லும், எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும்.

நம் ஊர்ப்பக்கத்து நினைவு நாணயங்களை மட்டும் சேர்த்தாலும் ஒரு நல்ல வரிசை கிடைக்கும். 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வள்ளுவர் போட்டது, காமராசர் நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய், 2009இல் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு வந்த ஐந்து ரூபாய், 2010இல் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்தது. எல்லாமே மனிதர்கள் கைக்குக் கை கொடுத்துப் புழங்கிய காசு.

எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எந்தத் தேதி, எவ்வளவு கொடுத்தாய் என்று ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுது. மறக்காமல் எழுது. காசு வாங்கிய அன்றைக்கே எழுது.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பது உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள், உன் அப்பா சொல்லியிருக்கமாட்டான்.

தாத்தா புதுக்கோட்டை சமஸ்தானக் கஜானாவில் குமாஸ்தா. 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, திருச்சி ஜில்லாவில் போய் ஒட்டிக்கொண்டபோது, அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது அம்மன் காசு நாலைந்துதான், அதுவும் சம்பளத்தில் வந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்து வந்த காசு அது. அதிலிருந்துதான் அவருக்கு இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. பிறகு எங்கே போனாலும் ஒரு காசு. பழைய கணக்குத் தாளைக் கிழித்து, காசை மடித்து, மேலே பேனாவால் எழுதுவார். ஆலங்குடிச் சந்தையில் கடலை மூட்டை விற்றவர் கொடுத்தது. திருவப்பூர் மாரியம்மன் திருவிழாவில் வளையல் கடைக்காரியிடம் மாற்றியது. இன்ன வயலில் உழும்போது கலப்பையில் தட்டுப்பட்டது, உழுதவர் பெயர், அன்று மழை பெய்ததா என்பது வரை. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டுகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். நான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்ததே அதில்தான்.

அவர் போனபின் வீடு பங்கு பிரித்தோம். மனை, கிணறு, பாத்திரம் எல்லாவற்றுக்கும் பஞ்சாயத்து வைத்தாயிற்று, இந்தக் காசுப் பெட்டி மட்டும் மிச்சம். எல்லாருக்கும் சமமாகப் போகட்டும் என்று உன் அத்தை வீட்டு மாமா பொட்டலங்களைப் பிரித்துத் தாம்பாளத்தில் கொட்டினார். நெல்லை அளப்பதுபோல் உழக்கால் அளந்து நான்கு பங்கு. வேண்டாம், பெட்டியோடு யாராவது ஒருவர் வைத்துக்கொள்ளட்டும், என் பங்கையும் விட்டுத்தருகிறேன் என்று நான் சொன்னேன். சொத்துக்கு ஆசைப்படுகிறான் என்று ஒருவர் முணுமுணுத்தார். உன் அப்பா பக்கத்தில்தான் இருந்தான். வாயைத் திறக்கவில்லை. சீட்டுகள் அன்று சாயங்காலம் குப்பையோடு சேர்ந்து போயின. அப்பத்தா அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொண்டாள். தொலைந்த நகையெல்லாம் கிடைத்திருக்கிறது என்பார்கள். அந்தச் சீட்டுகள் கிடைக்கவில்லை.

பிறகு நடந்தது என்ன? ஒரு பங்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். எழுத்து, உருவம், அந்தக் கரும்பச்சை எல்லாம் போய் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. ஒரு பங்கைப் பாத்திரக் கடையில் செம்பு எடைக்குப் போட்டார்கள். என் பங்கு என்னிடம் இருக்கிறது. உன் அப்பா பங்கு உங்கள் வீட்டு அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. என்னிடம் உள்ள காசுகளை எடுத்துப் பார்க்கிறேன். எந்தக் காசு எந்த வயலில் கிடைத்தது? உழுதவர் யார்? ஒன்றும் தெரியாது. அவ்வளவையும் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிவைத்திருந்தார். உன் அப்பாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை, கதிர். அவன் என் தம்பி. ஆனால் அன்றைக்கு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இது நம் வீட்டுப் பாடு மட்டுமல்ல. 1898இல் நம் ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் ரோமானியத் தங்கக் காசு 501 ஒரே இடத்தில் கிடைத்தது. அதைச் சிதறவிடாமல் மொத்தமாகப் பார்த்துப் பதிவு செய்தார்கள். ஆகவேதான் அதில் கடைசிக் காசு வெஸ்பாசியன் என்ற ரோமப் பேரரசன் காலத்தது, புதைத்தது அவன் ஆட்சிக்கு வந்த பிறகுதான் என்று சொல்ல முடிகிறது. பெரும்பாலான காசுகளில் ராஜா முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். ஒற்றைக் காசாகக் கடைக்குப் போயிருந்தால் அது அடிபட்ட காசு, விலை குறைவு, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி வெட்டு இருந்ததால்தான், வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள், இனிக் காசாகப் புழங்கக் கூடாது என்று வெட்டியிருக்கலாம் என்று யோசிக்க இடம் கிடைத்தது.

கரூரை எடுத்துக்கொள். அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் எவ்வளவோ கிடைத்திருக்கின்றன. மாக்கோதை, கொல்லிப்பொறை என்று எழுத்து உள்ளவை தப்பித்தன. தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டன. 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்ட பெருவழுதிக் காசும் அப்படித்தான். ஒரு சதுரச் செப்புக் காசில் பாண்டியன் பெயர் தமிழி எழுத்தில் இருந்ததால் சங்ககாலத்து அரசர்கள் காசு அடித்தார்களா என்ற சந்தேகமே தீர்ந்தது. ஆனால் எழுத்தில்லாத காசுதான் அதிகம். யானை, மீன், வில் மட்டும் இருக்கும். அதற்கு வாய் கிடையாது. கிடைத்த இடம்தான் அதற்கு வாய். மணலில் பொறுக்கியவர் கையிலிருந்து வியாபாரிக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று மாறிப் போகும்போது முதலில் தொலைவது அந்த இடத்தின் பெயர்தான். ராஜராஜன் செப்புக் காசில்கூட இந்தச் சிக்கல் உண்டு. ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், நாகரியில் ஸ்ரீ ராஜராஜ. அதே மாதிரியில் ஈழத்து அரசர்களும் பிற்பாடு அடித்தார்கள். எழுத்து தேய்ந்துவிட்டால், சோழநாட்டுக் காசா ஈழத்துக் காசா என்பதற்கு அது கிடைத்த ஊர்தான் சாட்சி.

அதனால்தான் உன் பொற்காசுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன். எங்கே கிடைத்தது? பழைய வீட்டில் இருந்தது என்பார். எந்த ஊர், யார் வீடு என்று கேள். அதற்கு மேல் பேச்சு இருக்காது. பூமியில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் நடப்பில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள்; 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறதா, எழுத்து மூலம் ரசீது தருவாரா என்று கேள். தராதவருக்கு முன்பணம் எதற்கு? காசு அசலாகவே இருந்தாலும், எங்கேயோ ஒரு புதையலைக் கலைத்து வந்ததாகத்தான் இருக்கும். நம் வீட்டுத் தாம்பாளத்தில் நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கும். அதற்கு நீ பணம் கொடுக்க வேண்டுமா?

வைத்துக்கொள்ளும் முறை பெரிய வித்தை இல்லை. கழுவாதே, தேய்க்காதே, எலுமிச்சை, புளி, பல்பொடி எதுவும் வேண்டாம். விளிம்பைப் பிடித்து எடு, முகத்தில் விரல் படக் கூடாது. மலிவான பி.வி.சி. உறையில் போட்டால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் உறையோ அட்டைச் சட்டமோ வாங்கு. ரப்பர் பாண்டு வெள்ளியைக் கறுக்க வைக்கும். உங்கள் சென்னைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம், டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வை. பத்து மடங்கு காட்டும் கண்ணாடி ஒன்று, சின்ன மின்தராசு ஒன்று, ஒரு நோட்டு. இவ்வளவு போதும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. கையில் எதுவும் வாங்காமல் முதலில் அங்கே போய் ஒரு மத்தியானம் நின்று பார். அசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி தானாகத் தெரியும். சென்னையில் காசு சேர்ப்பவர்கள் கூடுகிற சங்கங்களும் உண்டு. பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்.

ஆக உனக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. போனஸ் பணத்தில் அந்தப் பொற்காசை வாங்கி, ஒரே நாளில் பெரிய சேகரிப்பாளனாகலாம். அல்லது சில்லறையிலும் அம்மன் காசிலும் ஆரம்பித்து, சீட்டு எழுதி, மெதுவாக வளரலாம். உனக்கு முப்பது வயது ஆகிறது, சம்பாதிக்கிறாய், முடிவு உன்னுடையது. நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் முதல் வழியில் போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வாங்கியதை விற்கத்தான் மறுநாளிலிருந்து யோசிக்கிறார்கள். விலை ஏறியதா என்று பார்க்கிற கண்ணுக்குக் காசின் முகம் தெரியாது. உன் கையில் இருப்பது இன்னொருவருடைய காசாகவே இருக்கும். இரண்டாவது வழியில் போனவரை நீயும் பார்த்திருக்க வேண்டியது. நீ பிறப்பதற்குள் போய்விட்டார்.

நீளமாக எழுதிவிட்டேன். படித்துவிட்டு வருத்தப்படாதே. ஒன்பதாயிரம் போனால் போகட்டும். பள்ளிக்கூடச் சம்பளம் மாதிரி என்று விட்டுவிடு. உன் அம்மாவிடம், கதிர் கெட்டிக்காரன், அவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டேன். அவளும் சமாதானம் ஆகிவிட்டாள். நிஜமாகவே உன்மேல் எனக்குப் பெருமைதான். பொற்காசுதான் வேண்டும் என்று உன் மனசு கேட்டால் வாங்கிக்கொள், பெரியப்பா முகம் சுளிக்கமாட்டேன். பணம் குறைந்தால் எழுது, என்னால் ஆனதைத் தருகிறேன். என் பங்குக் காசுகள், கண்ணாடி, தராசு, நான் வாங்கிவைத்த புத்தகங்கள் எல்லாம் உனக்குத்தான். எனக்குப் பிறகு என்று இல்லை, இப்போதே. பெரியம்மாவும் சரி என்றுவிட்டாள். நீ எப்போது வந்தாலும் உனக்குப் பிடித்த கந்தரப்பம் சுட்டுத் தருகிறேன் என்கிறாள்.

தீபாவளிக்கு மறுநாள் கிளம்பி வா. மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம் 1910இலிருந்து இருக்கிறது, நம் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளாகப் பார்த்து வா. அம்மன் காசை அங்கே காட்டுகிறேன். தாத்தா சீட்டில் எனக்கு ஞாபகம் இருக்கிற வரிகளைச் சொல்கிறேன், நீ எழுதிக்கொள். எனக்கும் வயதாகிறது, சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது. வரும்போது அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை மறக்காமல் எடுத்து வா. உள்ளே இருக்கிற காசை யாரும் கழுவ வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவை.

இப்படிக்கு,
உன் பெரியப்பா